அந்தப் பேரை இனிமே சொல்லாதீங்க: கொடைக்கானல் ரூம் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

லாட்ஜ், காட்டேஜ், ஹோம்ஸ்டே, ரிசார்ட்னு எந்தப் பேர்ல நடத்துனாலும் சரி, கொடைக்கானல்ல ரூம் வாடகைக்கு விடுற அத்தனை பேருக்கும் தான் இது. பசுமைப் பள்ளத்தாக்குக்கு, அதாவது கிரீன் வேலி வியூவுக்கு, நாம இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கற பழைய பேரைப் பத்தியும், நம்மகிட்ட வேலை பாக்குறவங்க மனசைப் பத்தியும் பேசணும். நாயுடுபுரத்துல நாலு ரூம் வச்சு நானும் ஓட்டிக்கிட்டு இருக்கேன், அதனால இது பாதி எனக்கே எழுதிக்கிற மாதிரி தான். கோவம் வந்தா கொஞ்சம் கம்மியா படுங்க.

சொந்தமா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் இன்னொருத்தர் இடத்துல ரிசப்ஷன்ல உக்காந்திருந்தேன். ஒரு சீசன்ல முதலாளி கூப்பிட்டு, இப்ப எல்லாரும் வெல்னஸ் வெல்னஸ்ங்கறானுங்க, நாமளும் ஒரு பேக்கேஜ் போடுவோம், நோட்டீஸ் நீயே எழுதிருன்னார். ‘மூன்று நாள் மன அமைதி’ன்னு தலைப்பு வச்சு, காலைல யோகா, பத்து மணிக்கு மூலிகை சூப், சாயங்காலம் ஏரியைச் சுத்தி மௌன நடைன்னு டைப் அடிச்சேன். மே மாசம் கொடைக்கானல் ஏரியைச் சுத்தி மௌன நடை! குதிரையும் ஹார்னும் இல்லாத எந்த ஊர் ஏரியை மனசுல வச்சு அடிச்சேன்னு எனக்கே தெரியல. அதை அடிக்கும்போது ராத்திரி மணி ரெண்டரை, முந்தின நாள் காலைல போட்ட சட்டை இன்னும் உடம்புல இருக்கு, கவுண்டர்ல மூணு குடும்பம் ரூம் சாவிக்கு நிக்குது, காட் ரோட்டு ஜாம்ல மாட்டி வந்தவங்க, குழந்தை எல்லாம் வாந்தி எடுத்து சுருண்டு கிடக்குது.

அந்த நோட்டீஸ் நல்லா ஓடுச்சு. யோகா பாயை தினம் காலைல விரிச்சுப் போட்டு சுருட்டி வைக்கிற பையனைப் பத்தி தான் சொல்ல வந்தேன்.

மேல்மலைப் பக்கத்து ஊர்ப் பையன், இருபத்தி ரெண்டு வயசு இருக்கும். வீட்ல பூண்டு போட்டு விலை படுத்துருச்சுன்னு வேலைக்கு வந்தவன். காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு பதினாலு ரூமுக்கும் சுடுதண்ணி பக்கெட் தூக்கணும், செக்-அவுட் ஆனா பெட்ஷீட் மாத்தணும், ராத்திரி கேம்ப் ஃபயர் போட்டு அது அணையற வரைக்கும் நிக்கணும். படுக்கறது மாடிப்படிக்குக் கீழ, போர்வை துணி எல்லாம் அடுக்கி வைக்கிற ரூம்ல. ஈரத்துணி வாசம் அடிக்கும், ஜன்னல் கிடையாது. விருந்தாளிக்கு ரெண்டு கம்பளி, ஹீட்டர், சுடுதண்ணி பை. இவனுக்கு பழைய கர்ட்டன் ரெண்டு.

ஏப்ரல் கடைசில இருந்து அவன் சரியா சாப்பிடல. கேட்டா பசிக்கலண்ணேம்பான். பேச்சு குறைஞ்சுருச்சு. நாங்க என்ன பண்ணோம், லவ் ஃபெயிலியர்டான்னு கிண்டல் பண்ணோம். நானும் தான் பண்ணேன், இதுல என்னை நான் தப்பிக்க விட மாட்டேன். அப்ப தான் ஒரு கெஸ்ட் ரிவ்யூ போட்டாங்க, வியூ சூப்பர், சாப்பாடு சுமார், ரூம் பாய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கான், ஒரு ஸ்டார்னு. அந்த மாசம் அவன் சம்பளத்துல ஐநூறு பிடிச்சாங்க. சிரிக்காததுக்கு ஐநூறு ரூவா. பிடிச்சுட்டோம்னு நோட்டுல எழுதுனது என் கையி.

மே மூணாவது வாரம் ஒரு சாயங்காலம் அவனைக் காணோம். போன் சுவிட்ச் ஆஃப். எட்டு மணிக்கு மேல எனக்கு ஒரு புது நம்பர்ல இருந்து போன், ஒரு பொம்பளை குரல், தம்பி நீங்க இந்த மாதிரி காட்டேஜ்ல இருக்கீங்களா, உங்க பையன் ஒருத்தன் இங்க என் கடைல உக்காந்திருக்கான், அவசரமில்ல, ஆனா வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. பசுமைப் பள்ளத்தாக்கு வியூ பாயிண்ட்ல பஜ்ஜி போடற அக்கா.

வண்டி எடுத்துக்கிட்டு போனேன். கடை எல்லாம் சாத்திட்டாங்க, மஞ்சு இறங்கி ரோடே தெரியல, இந்த அக்கா மட்டும் அடுப்பை அணைக்காம உக்காந்திருக்கு, பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்ல இவன், கைல டீ, காலுக்குக் கீழ ரெண்டு மூணு காலி கிளாஸ். அவனை வண்டில ஏத்திட்டு அக்காகிட்ட மெதுவா கேட்டேன், எப்பிடிக்கா கண்டுபிடிச்சீங்கன்னு. அதுக்கு அது சொல்லுச்சு, சுத்திப் பாக்க வர்றவன் போனை வெளிய எடுப்பான் தம்பி, இவன் போனை அணைச்சு உள்ள வச்சான், அதான் வெங்காயம் நறுக்கணும் கொஞ்சம் கை குடுக்கறியான்னு கூப்பிட்டேன்னு. வெங்காயம் நறுக்கச் சொல்லிருக்கு! அழுகறதுக்கு அதை விட நல்ல சாக்கு வேற என்ன இருக்கு. ரெண்டு மணி நேரம் நறுக்கிருக்கான், ரெண்டு மணி நேரம் அழுதிருக்கான், அக்கா ஒண்ணும் கேக்கல.

அந்தப் பையன் இப்ப நல்லா இருக்கான், கீழ ஒரு ஊர்ல வேலை பாக்குறான், மாத்திரை கொஞ்ச நாள் எடுத்தான், இப்ப இல்ல. அவன்கிட்ட கேட்டுக்கிட்டு தான் இதை எழுதுறேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த அக்கா கடை போட்டிருக்கற இடத்துக்கு கிரீன் வேலி வியூன்னு பேர் மாத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு. போர்டுல அப்பிடித்தான் இருக்கு. ஆனா நம்ம வாயில என்ன வருது? வண்டியை நிறுத்துனதும் டிரைவர் சொல்றது, கைடு சொல்றது, ரிசப்ஷன்ல நாம மேப்ல வட்டம் போட்டுக் காட்டும்போது சொல்றது எல்லாம் தற்கொலையைச் சேத்துச் சொல்ற அந்தப் பழைய பேரு தான். சொல்லிட்டு ஒரு கதையும் சேத்து விடுவோம், காதல் ஜோடி, வெள்ளைக்காரன் காலம், ராத்திரி சத்தம் கேக்கும்னு. எல்லாம் கட்டுக்கதைன்னு நமக்குத் தெரியும். சொன்னா கெஸ்ட் வாயைப் பொளந்து கேப்பாங்க, இறங்கும்போது அம்பதோ நூறோ சேத்துக் குடுப்பாங்க. நான் பதினோரு வருஷம் சொல்லிருக்கேன். என் கதையில ஜோடி ரெண்டு பேரும் காலேஜ் பசங்க, உங்க கதையில யாருன்னு தெரியல.

இதுல என்ன தப்பு, சும்மா பேரு தானேம்பீங்க. சாவுக்குன்னு ஒரு இடம் இருக்குன்னு ஊரே சேந்து வருஷம் பூரா விளம்பரம் பண்ணா, மனசு உடைஞ்சு நிக்கிறவனுக்கு அது வழி சொல்ற மாதிரி ஆயிருது. பத்திரிகைக்காரங்களுக்கு உலக சுகாதார நிறுவனமே இதைத்தான் சொல்லி வச்சிருக்கு, தற்கொலை செய்தி போடும்போது இடத்தைப் பிரபலப்படுத்தாதீங்க, எப்பிடின்னு விவரிக்காதீங்கன்னு. அங்க கம்பி வேலி போட்டிருக்கறது நல்லது தான், வேலி வேலை செய்யும், சான்பிரான்சிஸ்கோல கோல்டன் கேட் பாலத்துக்கே கீழ வலை கட்டி 2024-ல முடிச்சாங்க. ஆனா வேலியைக் கட்டிட்டு அதுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு நாமளே கதை சொன்னா எப்பிடி. அந்த டிரைவரை, அந்தக் கைடை எல்லாம் நான் தப்பா சொல்லல, அவங்க நம்மகிட்ட கேட்டு தான் கத்துக்கிட்டாங்க. நம்ம ரூம்ல இருக்கற மேப்ல, நம்ம வெப்சைட்ல, ‘பக்கத்துல பாக்க வேண்டிய இடங்கள்’ லிஸ்ட்ல இருந்து மொதல்ல அந்தப் பேரை எடுங்க. என்னோடதுல எடுத்துட்டேன். அஞ்சு நிமிஷ வேலை.

இது ஒண்ணு. இன்னொண்ணு நம்மகிட்ட வேலை பாக்குறவங்க.

2011 கணக்குல இந்த ஊர் ஜனத்தொகை 36,501. கோர்ட் சொன்னதால 2024 மே 7-ல இருந்து இ-பாஸ் வந்துச்சு, அடுத்த வருஷம் சீசனுக்கு கொடைக்கானலுக்கு சாதாரண நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000 வண்டின்னு கட்டு போட்டாங்க. அந்தக் கட்டு வந்தப்போ நாம எல்லாம் வியாபாரம் போச்சேன்னு கத்துனோம். சரி, கணக்குப் போடுவோம், ஒரு வண்டிக்கு நாலு பேர்னு வச்சா கூட கட்டுப்பாட்டோட சேத்தே ஒரு சனிக்கிழமை 24,000 பேர். 36,000 பேர் இருக்கற ஊருக்கு ஒரே நாள்ல 24,000 விருந்தாளி. அவங்களுக்கு சமைக்கறதும் பாத்ரூம் கழுவறதும் தண்ணி லாரிக்கு ஓடறதும் யாரு? நாயுடுபுரத்துலயும் ஆனந்தகிரிலயும் அண்ணா நகர்லயும் இருக்கற வீட்டு ஆம்பளை பொம்பளைங்க தான். ஏப்ரல் மே ரெண்டு மாசம் அந்த வீடுகள்ல அம்மா எப்ப வருவாங்கன்னு பிள்ளைங்களுக்குத் தெரியாது. ஊரே லீவுக்கு இங்க வருது, இங்க இருக்கற பிள்ளைங்களுக்கு அப்ப தான் பெத்தவங்க மூஞ்சியைப் பாக்க முடியாது.

அப்பறம் ஜூன்ல மழை இறங்கும், ஒரே வாரத்துல எல்லாம் காலி. ஆள் பாதிப் பேரை நிறுத்திருவோம். ஓடிக்கிட்டே இருந்த உடம்பு டக்குன்னு நிக்கும்போது தான் மனசு பேச ஆரம்பிக்கும், இதை நான் புக்குல படிக்கல, என் உடம்புல பாத்தேன். நாள் பூரா வெயில் இல்லாம மஞ்சு மூடிக் கிடக்கும், துணி காயாது, குழு லோன்காரங்க செவ்வாய்க்கிழமை ஆனா வந்து வாசல்ல உக்காருவாங்க, வீட்டுக்காரர் குளிருக்குன்னு சொல்லிக்கிட்டு குடிப்பார். குளிருக்குக் குடிக்கிற ஊர்ல யாரு குடிகாரன், யாரு மனசு சரியில்லாதவன்னு யாருக்கும் வித்தியாசம் தெரியாது, அது தான் இங்க பெரிய கஷ்டமே. இதுல 2018 நவம்பர்ல கஜா புயல், 2019-ல விதிமீறல்னு கட்டடங்களுக்கு சீல், 2020-ல மாசக்கணக்கா ஊரடங்கு. அப்பல்லாம் நம்ம நஷ்டத்தைப் பத்தி மீட்டிங் போட்டோம், மனு குடுத்தோம். வேலை போனவங்க தூங்குனாங்களான்னு நான் ஒருத்தர்கிட்ட கேட்டதில்ல.

இளவட்டங்க கதை வேற. கீழ இருந்து வர்ற கூட்டத்துல ஒரு பகுதி ஏரிக்கோ குறிஞ்சிப் பூவுக்கோ வர்றதில்ல, போதைக் காளான் கிடைக்குமா தம்பின்னு கேட்டுக்கிட்டு தான் வருது. நம்ம பசங்க ரெண்டு காசு பாக்கலாம்னு அதுல இறங்கி, அப்பிடியே தானும் தின்னு பாத்து, ஒரு வாரம் ரூமை விட்டு வெளிய வராம பயந்து கிடந்த பையனை எல்லாம் நான் பாத்திருக்கேன். போலீஸ் பாக்க வேண்டியதை போலீஸ் பாக்கட்டும், அந்தப் பையனோட பயத்தை யாரு பாக்குறது?

வாடகையையும் சொல்லணும். முன்ன மூஞ்சிக்கல் பக்கம் ரெண்டு ரூம் வீடு கட்டுபடியாகுற வாடகைக்கு கிடைச்சுச்சு, இப்ப வீடு எல்லாம் ஹோம்ஸ்டே. என்னோடதும் முன்ன ஒரு குடும்பம் இருந்த வீடு தான். அந்தக் குடும்பம் இப்ப பெருமாள்மலைக்குக் கீழ இருந்து தினம் பஸ் ஏறி வருது. மனநலம்னு சொன்னா டாக்டர், மாத்திரைன்னு மட்டும் நெனைக்கிறோம், ராத்திரி காலை நீட்டிப் படுக்க ஒரு காஞ்ச இடம் இல்லாதவனுக்கு எந்த மாத்திரை குடுத்து என்ன.

அமெரிக்காவுல ஆஸ்பென் மாதிரி பனிச்சறுக்கு ஊர்கள்லயும் இதே கதை தானாம். ராக்கி மலைப் பக்கத்து மாநிலங்கள்ல தற்கொலை விகிதம் அந்த நாட்டு சராசரியை விட ரொம்ப நாளாவே அதிகம். சீசன் வேலை, தாங்க முடியாத வாடகை, குடி, டாக்டருக்குத் தூரமா போகணும், இதோட துப்பாக்கியும் சேந்துக்குது. இது எல்லாத்துக்கும் மேல ஒண்ணு சொல்றாங்க, இவ்வளவு அழகான ஊர்ல இருந்துக்கிட்டு உனக்கு என்ன குறைன்னு எல்லாரும் கேப்பாங்கன்னு வாயே திறக்கறதில்லயாம். இதைப் படிச்சப்போ எனக்கு சிரிப்பு தான் வந்துச்சு. மதுரையில இருக்கற என் மச்சான் போன் பண்ணா மொத வார்த்தையே, உனக்கென்னய்யா ஏசி இல்லாம வாழ்றன்னு தான்.

சொன்னா நம்ப மாட்டாங்கங்கறதும் இந்த ஊருக்குப் புதுசு இல்ல. இங்க இருந்த தெர்மாமீட்டர் கம்பெனியை 2001-ல மூடுனாங்க, பாதரசத்தால உடம்பு கெட்டுப் போச்சுன்னு போராடுன தொழிலாளிங்க 591 பேருக்கு கம்பெனி ஒத்து வந்து பணம் குடுக்க 2016 ஆச்சு. பாதரசத்தையாவது அளந்து காட்டலாம். காலைல எந்திரிக்கவே பிடிக்கலண்ணேங்கறதை எதை வச்சு அளந்து காட்டுவான்?

நான் பெருசா ஒண்ணும் கேக்கல. வாரத்துல ஒரு நாள் லீவு குடுங்க, சீசன்லயும் குடுங்க. இது என் ஆசை இல்ல, ஓட்டல், லாட்ஜ் தொழிலாளிங்களுக்குன்னு 1958-லயே போட்ட தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டத்துல வார விடுமுறை இருக்கு, நமக்கு எல்லாம் லைசென்ஸ் பக்கம் மட்டும் தான் கண்ணுல படும். ஆள் பத்தாதுன்னா பக்கத்துப் பக்கத்து காட்டேஜ் நாலு சேந்து ஒரு மாத்து ஆளைப் போட்டுக்கலாம், நானும் பக்கத்து வீட்டுக்காரரும் இந்த சீசன் அப்பிடித்தான் ஓட்டுனோம், ரெண்டு நாள் சொதப்புச்சு, மத்தபடி ஓடிருச்சு. படுக்கறதுக்கு ஜன்னல் வச்ச ரூம் குடுங்க. ரிவ்யூவைக் காட்டி சம்பளத்துல கை வைக்காதீங்க. ஆஃப் சீசன்ல ஆளை நிறுத்துனா பாதி சம்பளமாவது குடுக்க முடியுமான்னு உக்காந்து பேசுவோம், எல்லாராலயும் முடியாதுன்னு எனக்கும் தெரியும், நாலு ரூம் வச்சிருக்கற என்னால முடியல. நாப்பது ரூம் வச்சிருக்கறவங்க யோசிக்கலாம்.

ஸ்டாஃப் சாப்பிடுற இடத்துல 14416-னு பெருசா எழுதி ஒட்டுங்க. அது டெலி மானஸ், மனசு கஷ்டத்தைப் பேசறதுக்கான அரசாங்க ஹெல்ப்லைன், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க, காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். 104-லயும் பேசலாம். அந்தப் பையனைக் கூட்டிட்டு வந்த ராத்திரி எனக்கு இந்த நம்பர் எதுவும் தெரியாது, விடிய விடிய அவன் பக்கத்துல முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், காலைல மொத பஸ்ஸுக்கு வத்தலக்குண்டு போய் அங்க இருந்து மாறி, டாக்டர் ரூம் வாசல்ல போய் நிக்கும்போது மத்தியானம் ஆயிருச்சு. கொண்டை ஊசி வளைவுல பஸ் திரும்பத் திரும்ப அவன் என் தோள்ல சாஞ்சுக்கிட்டே வந்தான். டாக்டர் பத்து நிமிஷம் பாத்தார், அந்தப் பத்து நிமிஷத்துக்குப் போக வர ஒரு நாள் சம்பளம் போச்சு. அடுத்த மாசம் வரச் சொன்னா எவன் போவான்? அதனால மாவட்ட மனநலத் திட்டத்துல இருக்கற டாக்டரோ கவுன்சிலரோ வாரத்துல ஒரு குறிப்பிட்ட நாள், அதுவும் வேலை முடியற நேரமா பாத்து, ஊருக்குள்ள வந்து உக்காரணும்னு நாம சேந்து மனு குடுப்போம். பார்க்கிங்குக்கு மனு குடுக்கறோம்ல, அதே பேப்பர்ல இன்னொரு பாரா. வந்து உக்கார ஒரு ரூம் வேணும்னா ஆஃப் சீசன்ல நம்மகிட்ட காலி ரூமுக்கா பஞ்சம்.

தற்கொலை முயற்சின்னா கேஸ் ஆயிரும்னு பயந்து மறைக்கிறாங்க பாருங்க, அதுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். 2017 மனநலச் சட்டம், அதாவது 2018-ல நடைமுறைக்கு வந்தது, தற்கொலைக்கு முயற்சி பண்ணவரை கடுமையான மன அழுத்தத்துல இருந்தவர்னு தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது, அவருக்கு சிகிச்சை கிடைக்க வழி பண்றது அரசாங்கத்தோட கடமைன்னும் இருக்கு. அதனால லாட்ஜ் பேர் கெட்டுரும்னு எதையும் மூடி வைக்காதீங்க. ரூம்ல தனியா வந்து தங்கி ரெண்டு நாளா கதவைத் திறக்காத கெஸ்ட்டா இருந்தாலும் இதே தான். ஆதார் காப்பி வாங்கும்போதே மூஞ்சியைப் பாத்து, சாப்டீங்களா சார்னு ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சு போக மாட்டோம்.

கடைசியா, அந்த அக்கா மாதிரி ஆளுங்க. வியூ பாயிண்ட்ல கடை போட்டிருக்கறவங்க, குதிரைக்காரங்க, சைக்கிள் வாடகைக்கு விடறவங்க, போட்டோ எடுக்கறவங்க, டாக்ஸி ஸ்டாண்டு அண்ணன்மாருங்க. ஊருக்குள்ள யார் எப்பிடி நிக்கிறாங்கன்னு தினம் பாக்குறவங்க இவங்க தான், நம்ம சிசிடிவி இல்ல. ஒருத்தர் கஷ்டத்துல இருக்கறதை எப்பிடி அடையாளம் கண்டுக்கறது, என்ன கேக்கணும், என்ன கேக்கக் கூடாது, யாருக்கு போன் போடணும்னு அரை நாள்ல சொல்லிக் குடுக்கற பயிற்சி எல்லாம் இருக்கு, அதுக்கு டாக்டருக்குப் படிச்சிருக்கணும்னு இல்ல. ஜூலைல எப்பிடியும் எல்லாருக்கும் வேலை இல்ல, அப்ப வச்சா வருவாங்க. சாப்பாட்டு செலவை நாம போட்டுக்கலாம், என் பங்கு முதல்ல எடுத்து வச்சுட்டேன்.

இதை எழுதறேன்னு போன வாரம் அந்த அக்காகிட்ட போய் சொன்னேன், உங்களுக்கு முதலாளிங்ககிட்ட ஏதாச்சும் கேக்கணுமாக்கான்னேன். எண்ணெய் சட்டியைப் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் யோசிச்சுச்சு. அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு ஒரு கால் உடைஞ்சுருச்சாம், பஜ்ஜி திங்க வர்றவங்க நின்னுக்கிட்டே தின்னுருவாங்க, ஆனா உக்கார வைக்க வேண்டிய ஆள் வந்தா ஸ்டூல் வேணும், அதுவும் ரெண்டா வாங்கித் தரச் சொல்லு, எனக்கும் கால் வலிக்குதுன்னுச்சு.

இப்படிக்கு,
நாயுடுபுரத்துல நாலு ரூம் வச்சிருக்கற ஒருத்தன்